தானே எழுந்து நிற்பதற்கு

1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. நெருக்கடியான கண்டோன்மென்ட் தெருக்களில் கொத்துக்கொத்தாக மக்கள் இறந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1906க்கும் 1910க்கும் இடையில் உருவான புதிய குடியிருப்புதான் எங்கள் பிரேசர் டவுன். அகலமான தெருக்கள், காற்றும் வெளிச்சமும் புழங்கும் வீடுகள் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். ஒருவரின் ஆரோக்கியத்தில் அவர் வாழும் வீட்டுக்கும் பங்கு உண்டு என்ற அறிவு இந்த ஊரின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. புலிகேசி நகர் என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வாயில் அது பிரேசர் டவுன்தான்.

இன்று இதே தெருக்களில் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் துபாயிலோ டொரண்டோவிலோ இருக்கிறார்கள். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால், நல்ல மருத்துவமனைகள் அருகிலேயே உள்ளன. உயிர் பிழைத்துவிடுகிறது, டிஸ்சார்ஜும் சீக்கிரம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் சில வாரங்களைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. நோயாளி மறுபடி தானே குளித்து, தானே சாப்பிட்டு, தெருவில் நடப்பாரா, அல்லது கட்டிலோடு மீதி வாழ்க்கையைக் கழிப்பாரா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

என் அத்தை தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் தளர்ந்து வீடு திரும்பினார். ஏஜென்சி மூலம் ஒரு ஹோம் நர்ஸ் வந்தாள். ஜார்கண்ட் பெண், தங்கமான குணம். அத்தை கண் விழித்ததும் முகம் துடைப்பாள், பல் விளக்கிவிடுவாள், இட்லியைப் பிட்டு ஊட்டுவாள். பாத்ரூம் போகச் சிரமம் என்று டயபர் கட்டினாள். வந்து பார்த்த உறவினர்கள் எல்லோரும், "இப்படி ஒரு பெண் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றார்கள். அத்தையோ நாளுக்கு நாள் மெலிந்தார். பேச்சும் குறைந்தது.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்தார். அவர் முதலில் கேட்டது காலைப் பற்றியோ கையைப் பற்றியோ அல்ல. "டீச்சர், நீங்க என்ன வேலையைத் திரும்பச் செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். அத்தை வெகுநேரம் கழித்து, "காலையில என் காபியை நானே கலந்துக்கணும்" என்றார். அன்றிலிருந்து எல்லாப் பயிற்சியும் அந்தக் காபியை நோக்கியே நடந்தது. கட்டில் விளிம்பில் உட்காருவது, எழுந்து நிற்பது, வாக்கரோடு அடுக்களை வரை போவது, இடக்கையால் டபராவைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் டிக்காஷன் ஊற்றுவது. அத்தை தடுமாறும்போது நாங்கள் ஓடுவோம். அந்த அம்மா கை நீட்டித் தடுப்பார். "விழுந்தா பிடிக்க நான் பக்கத்துல இருக்கேன். அவங்களே எந்திரிக்கட்டும்." குளியலறையில் கைப்பிடி பொருத்தச் சொன்னதும், வழுக்கும் மிதியடியை எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

உடம்பு தன் கணக்கை வேகமாகப் போடுகிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவருக்கு இந்த நிலை என்றால், நோயில் விழுந்தவருக்கு எப்படியிருக்கும்? நாம் பாசத்தோடு ஒருவரைப் படுக்க வைக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய பலத்திலிருந்து கழிகிறது.

இதை உணர்ந்த நாடுகள் ஏற்பாடு செய்திருக்கின்றன. இங்கிலாந்தில், மருத்துவமனையிலிருந்து திரும்புபவர் சொந்தக் காலில் நிற்கப் பழகுவதற்கான வீட்டு உதவியை ஆறு வாரம் வரை இலவசமாகத் தருகிறார்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. டென்மார்க்கில் பிரடெரிசியா என்ற ஊர் 2008இல் இம்முறையைத் தொடங்கியது. 2015 முதல், தேறும் வாய்ப்புள்ளவருக்கு நிரந்தர வீட்டு உதவியைத் தீர்மானிக்கும் முன் இந்தப் பயிற்சியைத் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டமாயிற்று.

"நமக்குத்தான் குடும்பம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பிரிவில், குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே தொடரச் சொன்னார்கள்; மறு பிரிவில் வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதம். குடும்பத்தின் அன்பு தேவைதான். ஆனால், தேர்ந்தவர் வந்து செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டிவிட முடியாது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியில் 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. எங்கள் பிரேசர் டவுனுக்குப் பக்கத்து லிங்கராஜபுரத்தில், இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத் திறனாளிகள் சங்கம் இன்றும் இயங்குகிறது. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெங்களூரிலிருந்து அதிக தூரமில்லை. அத்திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் வீட்டுக்கே போகிறார். ஏழைக்கும் இது உரிமை என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளமாகவே அதை நான் பார்க்கிறேன்.

பெருநகரத்தில் நாம் காசு கொடுத்து வாங்கும் வீட்டுப் பராமரிப்பில்தான் பெரிய முரண் இருக்கிறது. ஏஜென்சிக்கு மாதக் கணக்கில் பணம். நோயாளி எழுந்து நடந்துவிட்டால் அந்த வருமானம் நின்றுவிடும். நன்றாக வேலை செய்தவர் வேலை இழக்கிறார், நோயாளியைக் கட்டிலில் வைத்திருப்பவர் நீடிக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்த ஜார்கண்ட் பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. எழுந்து நிற்பவருக்கு எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. அத்தையின் தமிழும் அவளுக்குப் புரியவில்லை. குறைந்த சம்பளத்தில், இரவு பகல் ஓய்வின்றி, மொழி தெரியாத வீட்டில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு அவளிடம் தரத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லச் சொல்ல அவளே மிக வேகமாகக் கற்றுக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தரத்தை அளக்க வழி இல்லாமலும் இல்லை. 1965இல் வெளிவந்த பார்தெல் அளவுகோல், சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படியேறுவது உள்ளிட்ட 10 அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. வந்த நாளில் எத்தனை, சில வாரம் கழித்து எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். முன்னேற்றம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். எல்லோரும் பழையபடி ஆகிவிட மாட்டார்கள் என்பதும் உண்மை. முழுதும் தேற முடியாதவருக்கும், தன் கையால் ஒரு வாய் உண்ண முடிவது பெரிய கௌரவம்.

ஆகவே, உங்கள் வீட்டுக்கு உதவிக்கு ஆள் வைக்கும் நாளில், "நன்றாகப் பார்த்துக்கொள்வாரா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நோயாளி தானே எதைச் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள், அதை எந்த நாளில் சரிபார்ப்பீர்கள், மேற்பார்வைக்குப் பிசியோதெரபிஸ்ட் உண்டா, வரும் ஆளுக்கு நோயாளியின் மொழி தெரியுமா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நோயாளியையே கேளுங்கள். அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் அறுவை சிகிச்சைக்குத் தரும் மதிப்பில் ஒரு பங்கையாவது அடுத்த ஆறு வாரங்களுக்குத் தர வேண்டும். உயிரைக் காப்பாற்ற இவ்வளவு செலவழிக்கும் நாம், அந்த உயிர் எழுந்து நடப்பதற்கும் செலவழித்தே ஆக வேண்டும்.