அந்த ஓர் இழுப்பு

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலை. வடுவூர் ஏரியைத் தாண்டிய ஏதோ ஓர் இடம். நேரம் இரவு இரண்டரை இருக்கும். ஆம்புலன்ஸுக்குள் அவர் தன் அக்காவின் தலைமாட்டில் குந்தியிருந்தார். வலது கையில் ஆம்பு பை. அதை அமுக்கினால் அக்காவின் நெஞ்சு எழுந்தது; விட்டால் தணிந்தது. அப்படி அமுக்கிக்கொண்டே வந்தபோது, எத்தனையாவது என்று சொல்ல முடியாத ஒரு தடவை, பை கைக்குள் இளகியது. அவர் தள்ளுவதற்குச் சற்று முன்பே அந்தப் பக்கத்திலிருந்து யாரோ காற்றை இழுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அரை நொடிதான். அடுத்த அமுக்கலில் பை பழையபடி விறைப்பாக இருந்தது.

மூன்று வருடங்களாக அந்த அரை நொடி அவரைத் தூங்க விடவில்லை.

மற்றவையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியவை. அக்காவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. உள்ளூரில் தொண்டைக்குள் குழாய் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கிடைத்த ஆம்புலன்ஸில் வென்டிலேட்டர் இல்லை. கூட வந்த பையன் சொட்டு மருந்தைப் பார்க்க வேண்டும், சளியை உறிஞ்ச வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அவனுக்கு இருப்பதோ இரண்டு கை. “சார், ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு ஒரு தடவ அமுக்குங்க. முழுசா வேணாம், பாதி போதும். பதட்டத்துல வேகமா அமுக்கிடாதீங்க” என்று சொல்லி பையை அவர் கையில் கொடுத்தான். ஏறத்தாழ இருபது நிமிடம். நிமிடத்துக்குப் பத்து என்று கணக்குப் போட்டால் இருநூறு மூச்சு. அந்த இருநூறில் ஒன்றுதான் இது.

ஆம்பு பை பார்வைக்கு ஒரு பெரிய ரப்பர் மாங்காய். பெரியவர்களுக்கான பையில் ஒன்றரை லிட்டர் அளவுக்குக் காற்று பிடிக்கும். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் போனால் போதும். கையை எடுத்ததும் தானாக உப்பிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், சிலிண்டர் இல்லாமலும் வேலை செய்யும். டென்மார்க்கில் ஹென்னிங் ரூபென் என்ற மயக்கவியல் மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸெ என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த இந்தப் பை 1956இல் விற்பனைக்கு வந்தது. உலகத்தின் எந்த ஆஸ்பத்திரியிலும், கரண்ட் போனால் கை முதலில் தேடுவது இதைத்தான்.

அவருக்குக் காற்றை அமுக்குகிற வேலை புதிதல்ல.

அவருடைய தாத்தா ஒத்து ஊதியவர். நாகஸ்வரக் கோஷ்டியில் முன்னால் நிற்கிற வித்வானை ஊரே பார்க்கும். பக்கத்தில் நிற்கிற ஒத்துக்காரரை யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் கையில் இருப்பதும் நாகஸ்வரம் போன்ற நீளக் குழல்தான். ஆனால் ராகம் வாசிக்க அதில் விரல் துளை இல்லை. ஒரே சுருதி, கச்சேரி முடியும்வரை அறாமல் வர வேண்டும். அதற்காகக் கன்னம் இரண்டிலும் காற்றை நிறுத்திக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் உள்ளே இழுப்பார்கள். சின்ன வயதில் அவர் தாத்தாவின் எதிரே உட்கார்ந்து, மூச்சு எப்போது உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். ஒருநாளும் பிடிபட்டதில்லை. “வாங்குறது தெரிஞ்சுட்டா அது ஒத்து இல்லடா” என்பார் தாத்தா.

பிறகு சுருதிப் பெட்டி வந்தது. தாத்தாவின் இடத்தில் பத்து வயதுப் பேரன் உட்கார்ந்து பெட்டியின் மடிப்பை அமுக்கினான். முகூர்த்த வீடுகளில் விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும். கை மட்டும் நிற்கக் கூடாது. கொஞ்சம் தளர்ந்தாலும் சுருதி இறங்கும்; வித்வான் திரும்பிப் பார்ப்பார். பிற்பாடு மின் சுருதி வந்ததும் பேரனும் தேவைப்படவில்லை. அவர் படித்து, வங்கி வேலைக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸில் பையை வாங்கிய அந்த நிமிடம், நாற்பது வருடத்துக்கு முந்தைய உள்ளங்கை விழித்துக்கொண்டதாக அவர் சொல்கிறார். அதனால்தான் அந்த இளக்கத்தை அவரால் ஒதுக்க முடியவில்லை. காற்று எதிர்ப்பதையும் இணங்குவதையும் அந்தக் கை பத்து வயதிலேயே படித்திருக்கிறது.

அவருடைய நினைவில் எப்போதோ ஒரு வார இதழில் படித்த செய்தி ஒன்று பாதி அழிந்து கிடந்தது: ஏதோ ஒரு போர்க்காலத்தில், மாணவர்கள் இரவு பகலாகக் கையால் மூச்சுக் கொடுத்தார்கள் என்று. தேடிப் பார்த்தார். போர் அல்ல, போலியோ. 1952 ஆகஸ்ட், கோபன்ஹேகன். பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். உடல் முழுவதையும் உள்ளே வைத்து மூடுகிற ‘இரும்பு நுரையீரல்’ அங்கே ஒன்றே ஒன்று. நெஞ்சுக்கு மட்டும் கவசம்போல் மாட்டுகிற கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்ஸென் என்ற மயக்கவியல் மருத்துவர், ஆகஸ்ட் 27 அன்று, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, அறுவை அரங்கில் பயன்படும் ரப்பர் பையால் காற்றைத் தள்ளிக் காட்டினார். சிறுமி பிழைத்தாள். அன்றிலிருந்து மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். உச்சகட்டத்தில் ஒரே சமயம் 70 நோயாளிகள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தப் படுக்கைகளின் ஓரத்திலிருந்து வந்ததுதான்.

மாணவர்கள் வெறுமனே அமுக்கவில்லை. குழந்தைகளுக்குக் கதை படித்தார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். அவர் யோசிப்பது இதைத்தான்: அந்த 1,500 பேரில் யாருக்காவது ஓர் இரவில் பை கைக்குள் இளகியிருக்குமா? தசை கொஞ்சம் மீண்டு, குழந்தை தானாக ஒரு மூச்சை இழுத்தால் அதை முதலில் அறிவது அவர்கள் கைதானே. அறிந்ததும் “டாக்டர்” என்று கூப்பிட்டிருப்பார்களா?

அவர் கூப்பிடவில்லை. அந்தப் பையன் இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் எட்டு நாள். வென்டிலேட்டர் திரையில் அலைகோடு ஓடிக்கொண்டே இருந்தது. இயந்திரம் தானாகக் கொடுக்கும் மூச்சையும் நோயாளி கேட்டு வாங்கும் மூச்சையும் அந்தத் திரை பிரித்துக் காட்டும் என்று ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். நோயாளி இழுத்தால் குழாயில் அழுத்தம் ஒரு துளி குறையும்; அந்தக் குறைவை உணர்ந்து இயந்திரம் காற்றை அனுப்பும். பார்க்க அனுமதித்த பத்து பத்து நிமிடமும் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, நோயாளி இழுத்ததைக் காட்டும் அடையாளம் வருகிறதா என்று திரையைத்தான் பார்த்தார். அது ஒருமுறையும் வரவில்லை. “சொந்த மூச்சு இல்லைங்க” என்றார்கள் டாக்டர்கள்.

தமிழில் ஒரு வழக்கு உண்டு. உயிர் பிரியாமல் படுத்திருப்பவரை “இழுத்துக்கிட்டிருக்கு” என்போம். இயற்கையான மூச்சு இழுப்பதுதான். உதரவிதானம் கீழே இறங்க, வெளிக்காற்று தானாக உள்ளே வரும். பையும் வென்டிலேட்டரும் செய்வது நேர்மாறு: காற்றை உள்ளே தள்ளுகின்றன. இழுக்க முடியாதவருக்குத் தள்ளிக் கொடுப்பது. அக்கா எட்டு நாளும் இழுத்துக்கொண்டிருக்கவில்லை, தள்ளப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் வடுவூர் தாண்டி வந்த அந்த ஒன்று?

இரும்பு நுரையீரலில் வாழ்ந்த பால் அலெக்சாண்டரைப் பற்றி அவர் படித்தது இந்த மூன்று வருடங்களில்தான். டல்லாஸ் ஊர்க்காரர். அதே 1952இல், ஆறு வயதில் போலியோ. இரும்புப் பெட்டிக்கு வெளியே இருக்க, தவளைபோல் வாயால் காற்றைக் கவ்வித் தொண்டை வழியாக நுரையீரலுக்கு விழுங்கக் கற்றுக்கொண்டார். மூன்று நிமிடம் அப்படித் தாக்குப் பிடித்தால் நாய்க்குட்டி பரிசு என்று ஒருவர் ஆசை காட்ட, ஒரு வருடம் பழகி அதைச் சாதித்தார். வழக்கறிஞரானார், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2024 மார்ச்சில் 78 வயதில் இறந்தார். அதைப் படித்தபோது அவருக்குத் தாத்தாவின் கன்னங்கள் கண்முன் வந்தன. வாய்க்குள் நிறுத்திய காற்றை ஒருவர் குழலுக்குள் தள்ளினார், இன்னொருவர் தன் நுரையீரலுக்குள் தள்ளினார். எழுபது வருடத்துக்கு மேல் ஒருவரை ஓர் இயந்திரம் மூச்சுவிட வைத்து, அதற்குள் அவர் ஒரு முழு வாழ்வை வாழ்ந்திருக்கிறார் என்றால், எட்டாவது நாளில் ஒருவரைப் பற்றி யார் எதைச் சொல்ல முடியும்? ஆனால் பால் அலெக்சாண்டர் விழித்திருந்தார், பேசினார், கோர்ட்டில் வாதாடினார். அக்கா அப்படி இல்லை. இந்த ஒப்புமை நியாயமில்லை என்று அவருக்கே தெரிகிறது.

மூச்சுக் கருவிகளைத் தேடிப் படித்துக்கொண்டே போனதில் எக்மோவும் வந்தது. 2016 டிசம்பரில், முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த கடைசி இரவுகளில்தான் எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டு டீக்கடைகளுக்கு வந்தது. உடம்பிலிருந்து கருத்த ரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கைச் சவ்வு வழியாக ஆக்சிஜன் ஏற்றி, சிவந்த ரத்தமாகத் திருப்பி அனுப்பும் கருவி. அதன் வேர் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர். 1930களின் தொடக்கத்தில், பாஸ்டனில், நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. கருத்த ரத்தத்தை வெளியிலேயே சிவப்பாக்க முடிந்தால் என்ற எண்ணம் அந்த இரவில் அவரைப் பிடித்தது, பிறகு விடவில்லை. மனைவி மேரியும் ஆய்வுக்கூடத்தில் கூடவே உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத்தையும் நுரையீரலையும் அவருடைய இயந்திரம் 26 நிமிடம் ஏற்றுக்கொண்டது. அவள் நலமாக வீடு திரும்பினாள்.

கிப்பனுக்கும் ஓர் இரவுதான் கிடைத்தது. அவர் அந்த இரவிலிருந்து ஒரு கருவி செய்தார். நம்மவர் தன் இரவை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்.

எட்டாம் நாள் மாலை டாக்டர்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மீட்கும் முயற்சி வேண்டுமா என்று கேட்டார்கள். உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியும் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் தீர்ப்பைப் பேசவில்லை. அத்தான் இவர் முகத்தைப் பார்த்து, “நீ என்ன சொல்றே தம்பி? கடைசியா அவ மூச்சு ஒன் கையிலதானே இருந்துச்சு” என்றார். “ஒங்க மனசுக்கு எது சரியோ, அதுதான் அத்தான்” என்று இவர் சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை அக்காவின் இதயம் நின்றது. யாரும் அமுக்கவில்லை.

பின்னால், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அந்த அரை நொடியைப் பற்றி அவர் கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வென்டிலேட்டரே ஏமாந்துபோவதுண்டு, இதயத்துடிப்பின் அதிர்வையும், குழாயில் தேங்கிய நீரையும், சின்னக் கசிவையும்கூட நோயாளியின் மூச்சு என்று எடுத்துக்கொள்ளும். கை ஏமாறாதா? வண்டி குலுங்கியிருக்கும், குழாய் இணைப்பு நெகிழ்ந்திருக்கும், விரல் சோர்ந்திருக்கும். “ஒருவேளை அவங்களே இழுத்திருக்கவும் கூடும். ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு வந்து, அப்புறம் நின்னு போறதும் உண்டு. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது.”

மாறியிருக்காது என்பது ஆறுதல்தான். அத்தானுக்குச் சொன்ன பதில் மாறியிருக்குமா என்பதற்கு டாக்டரிடம் பதில் இல்லை.

இந்த வருடத் திவசத்துக்கு அக்கா மகள் வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து, எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். “மாமா, ஆம்புலன்ஸ்ல அம்மா கண்ணு தொறந்தாங்களா?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றார். அது உண்மை. அவள் தலையாட்டிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைக் கழுவினாள். மூச்சைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா, சொன்னால் அது அவளுக்குக் கொடுப்பதாகுமா, அவளிடமிருந்து எதையாவது பறிப்பதாகுமா என்று அவருக்கு விளங்கவில்லை. வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒருமுறை மெல்ல மடக்கி விரித்துப் பார்த்தார்.