பதிவு ஈடாகுமா? இடைக்காலப் பங்கு ஆலயப் புதுப்பிப்பில் எழும் அறச்சிக்கல்

பழங்கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது அதன் ஒரு பகுதி அழிந்தே தீரும். நைந்த காரையை உரிக்காமல் சுவரைச் செப்பனிட இயலாது. தளத்தைப் பெயர்க்காமல் அதன் அடியில் உள்ளதை அறிய இயலாது. உரித்ததையும் பெயர்த்ததையும் முறையாக அளந்து, வரைந்து, ஒளிப்படம் எடுத்து வைத்துவிட்டால் அவ்வழிவுக்கு அது ஈடாகுமா? இங்கிலாந்தின் இடைக்காலப் பங்கு ஆலயங்கள் இரண்டை முன்வைத்து இவ்வினாவை நோக்கலாம்.

எசெக்ஸ் பகுதியிலுள்ள ரிவன்ஹால் ஆலயம் 1838-39இல் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது. அப்போது பூசப்பெற்ற காரை, அதனை 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமாகவே காட்டிற்று. 1971-73இல் வார்விக் ராட்வெலும் கிர்ஸ்டி ராட்வெலும் அங்கு ஆய்வு மேற்கொண்டனர். காரை நீங்கியபோது ஆங்கிலோ-சாக்சன் காலச் சுவர்கள் உள்ளே நிற்பது புலப்பட்டது. உரிக்காதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது என்பர். சரியே. ஆயின் உரிக்கப்பட்ட காரையும் ஒரு சான்றன்றோ? தம் ஆலயம் எவ்வாறு தோன்றவேண்டுமென ஒரு தலைமுறை விரும்பியது என்பதை அக்காரையே சொல்லிற்று. சாக்சன் சுவரை மூலபாடமாகவும் காரையை இடைச்செருகலாகவும் கொள்வது பதிப்பாசிரியர்க்குப் பழகிய மனப்பாங்கு. பதிப்பில் இடைச்செருகல் அடிக்குறிப்பிலேனும் எஞ்சும். சுவரிலோ அதற்கு இடமில்லை.

இங்குப் பதிவின் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சாரம் நிற்கும் நாள்களே பதிவாளர்க்குரிய காலம். அதற்குள் கல் கல்லாக வரைதல், சுண்ணச்சாந்தின் நிறத்தையும் மணற்பருமனையும் பிரித்தறிதல், பழைய சாரக்கழிகள் செருகிய துளைகளை அளத்தல், எச்சுவர் எதன்மேல் சாய்த்து எழுப்பப்பட்டது எனக் கண்டு முன்பின் வரிசையை முடிவுசெய்தல் ஆகியன நிகழ வேண்டும். கொத்தர் காத்திருக்கிறார், செலவைத் தாங்கும் பங்கு மக்களோ ஆலயக் கதவு எப்போது திறக்கும் எனக் கேட்கின்றனர். அவர்தம் கேள்வி அறியாமையன்று, உரிமை. இந்நெருக்கடியில் எதை வரைவது, எதை விடுவது என்பதைப் பதிவாளரின் அன்றைய அறிவே தீர்மானிக்கிறது. புரட்டும்போதே ஏடு முறியும் சுவடியைப் படிப்பவர் நிலை இது. மறுமுறை ஒப்பிட மூலம் இராது. எனவே பதிவை இழப்பின் ஈடு என்பதினும் இழப்பால் ஏற்பட்ட கடன் என்பதே பொருந்தும்.

பழங்கட்டடங்கள் இன்றிருப்போரின் உடைமை மட்டுமல்ல என ஜான் ரஸ்கின் 1849இலேயே வாதிட்டார். வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது எதிர்த்ததும் மிகைப் புதுப்பித்தலையே. அவர்கள் சினம் நேரியது. எனினும் தொடாதே என்பது மட்டும் ஒழுகும் கூரைக்கு விடையாகாது.

தொட்டவர் கடனை எப்போது அடைக்கிறார் என்பதே கடினமான பகுதி. ரிவன்ஹால் ஆய்வின் தொகுதிகள் 1985இலும் 1993இலும் வெளிவந்தன. லிங்கன்ஷயரின் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் புனித பேதுரு ஆலயத்தில் 1978 முதல் 1984 வரை அகழாய்வு நடந்தது. மனித எலும்புகள் பற்றிய தொகுதி 2007இலும் ஆலய வரலாறும் கட்டடமும் பற்றியது 2011இலும் வெளியாயின. பின்னதற்கு 27 ஆண்டுகள் கழிந்தன. இதனைச் சோம்பல் எனல் தகாது. ஏறத்தாழ 2,800 பேரின் எலும்புகள் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றை ஆராய்தல் ஓராண்டில் முடியும் பணியன்று. எனினும் வெளியிடப்படாத குறிப்பேடு உள்ளவரை, அழித்தவர் மட்டுமே அறிந்த அறிவாகவே அது இருந்தது.

சுவரைப் போலன்றி, இவர்கள் உயிர்த்தெழுதலை நம்பி அங்கே புதைக்கப்பட்டவர்கள். அவர்தம் ஒப்புதலைப் பெறும் வழி எவர்க்கும் இல்லை. ஆய்வுக்குப் பின் எலும்புகள் அவ்வாலயத்திற்கே திரும்பின. ஆயின் மண்ணுக்கு அல்ல. உள்ளே அமைந்த ஓர் அறையில், வருங்கால ஆய்வாளர் எடுத்துப் பார்க்க ஏதுவாக அடுக்கி வைக்கப்பட்டன.