சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் ஒரு முகம்



வால்பாறைப் பக்கம் போயிருப்பீங்க. ரோட்டோரம் நின்னு தேயிலைத் தோட்டத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சிருப்பீங்க. அந்தப் பச்சைச் சரிவுல, கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் பின்னாடி ஒருத்தர் நிற்பார், கவனிச்சீங்களா? அவர்தான் சூப்பர்வைசர். யார் வேலைக்கு வந்தாங்க, யார் எத்தனை கிலோ பறிச்சாங்க, முத்தல் இலை கலந்திருக்கா என்றெல்லாம் பார்ப்பது அவர் வேலை.

இனிமேல் அவர் பார்த்ததை மெஷின் பார்க்கும் என்கிறார்கள். முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு, எலக்ட்ரானிக் தராசு, மேலே ட்ரோன், எந்தச் சரிவில் எவ்வளவு கொழுந்து வரும் என்று கணிக்கிற செயற்கை நுண்ணறிவு. தோட்ட வேலைக்கும் காட்டு வேலைக்கும் இதெல்லாம் ஒவ்வொண்ணா வந்துட்டிருக்கு.

ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. ஒரு அக்காவுக்கு மூணு நாளா கிலோ குறைவு. சூப்பர்வைசர் போன்ல அவங்க பேருக்கு நேரா சிவப்புப் புள்ளி விழுது. ஆனா அவருக்குத் தெரியும்: அந்த அக்கா நின்ற சரிவு செங்குத்தானது. ஒரு நாள் யானை நின்னதால வேலையே லேட்டாத்தான் ஆரம்பிச்சது. வீட்ல பிள்ளைக்குக் காய்ச்சல். தராசுக்கு இது எதுவும் தெரியாது. இப்போ அவர் என்ன செய்யணும்?

"மெஷின் கெட்டது, மனுஷன் நல்லவன்" என்று முடித்துவிடலாம். ஆனா அது உண்மை இல்லை. கங்காணிகளின் கதை நமக்குத் தெரியும். நம் ஊர் ஆட்களையே இலங்கைக்கும் மலாயாவுக்கும் கூட்டிப்போய், முன்பணக் கடனில் கட்டி வைத்தவர்கள் அவர்களில் பலர். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. 2013ல் வந்த 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கு, கங்காணி கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவருக்குப் பதிலா, லஞ்சம் வாங்காத, சாதி பார்க்காத, எடையில் கைவைக்காத ஒரு தராசு வந்தால் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனா அந்தத் துண்டுச் சீட்டை மறுபடி யோசிச்சுப் பாருங்க. அதுல தப்பு என்ன? ஒரு முழு மனுஷனை ஒரு தொகையாச் சுருக்கினது. சிவப்புப் புள்ளியை மட்டும் பார்த்து முடிவெடுத்தா, நாமும் அதையேதான் செய்யறோம், காகிதத்துக்குப் பதிலா திரையில்.

100 நாள் வேலையில் இதன் சின்ன மாதிரியை ஏற்கெனவே பார்த்துட்டோம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளத்தில் தினமும் ரெண்டு தடவை போன்ல போட்டோ எடுத்து ஏத்தணும் என்பது கட்டாயமாச்சு. அது பெரிய அறிவுள்ள மெஷின்கூட இல்லை, வெறும் ஆப். டவர் கிடைக்காத இடத்துல, வெயில்ல நாள் முழுக்க வேலை செஞ்சவங்களுக்கு வருகை பதிவாகலை. டெல்லி ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்து போராடினாங்க. இன்னொரு பக்கம், பழைய போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்தின ஏமாத்தும் நடந்தது. ஆப் வந்ததால நேர்மை தானா வந்துடலை.

அந்தப் பணித்தளப் பொறுப்பாளரின் நிலைமையை நினைச்சுப் பாருங்க. எதிரே ஒரு பாட்டி மண்வெட்டியோட நிற்கிறாங்க. "சிஸ்டம்ல ஏறலை பாட்டி, நான் என்ன பண்றது?" என்கிறார். அவர் பொய் சொல்லலை. ஆனா அந்த ஒரு வாக்கியத்துலதான் ஆபத்து இருக்கு. வேலை போறது ஒரு பயம். வேலை இருந்தும் பொறுப்பு போயிடறது அதைவிடப் பெரிய பயம். கங்காணி செய்த தப்புக்கு அவன் முகத்தைப் பார்த்துத் திட்டவாவது முடிஞ்சது. "சிஸ்டம்" தப்பு செஞ்சா யாரைத் திட்டறது?

"இரக்கப்பட்டு அவரே மாத்திப் போட்டா என்ன?" என்று கேட்கலாம். அந்த இரக்கம் சொந்தக்காரங்களுக்கு மட்டும் கிடைச்சா, அது மறுபடி கங்காணி ராஜ்யம். அதனால இரக்கமும் வெளிச்சத்துல நடக்கணும். மெஷின் சொன்னதை மறுக்கிற உரிமை சூப்பர்வைசருக்கு வேணும். ஏன் மறுத்தேன்னு காரணம் எழுதித் தன் பேரைப் போடணும். அது அந்தத் தொழிலாளிக்கும் தெரியணும். கணக்கு மெஷின்கிட்ட இருக்கட்டும். பதில் சொல்றது மனுஷன்கிட்டதான் இருக்கணும்.

இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ இப்படி ஒரு ஆப்புக்கு கோட் எழுதிட்டு இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்துல, 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் விடுங்க. அதைப் படிக்க ஒரு மனுஷனையும் வைக்கச் சொல்லுங்க. அந்த அக்காவோட பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுத அந்த இடம் போதும்.