தவணைக்கு முன் ஒரு கணக்கு

2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபின், தங்கவயல்காரர்கள் பலருக்கு விடியுமுன் பிடிக்கும் பெங்களூரு ரயில்தான் பிழைப்பு. நின்றபடியே போய்வந்தவருக்கு ஒரு பழைய கார் மீது ஆசை வருவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு இரண்டு விலை: ஒன்று விற்பவர் சொல்வது, மற்றது கடன் கொடுப்பவர் சொல்லாமல் விடுவது.

இரண்டு லட்சத்துக்கு 12 சதவீத ‘பிளாட்’ வட்டி என்றால் காதுக்கு இனிக்கிறது. மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 72,000. அசல் மாதாமாதம் கரைந்தாலும் வட்டி முழு அசலுக்கே ஓடுவதால், உண்மையில் அது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. விற்பவர் பக்கமும் பார்க்க வேண்டும்: வண்டியின் கீறலுக்குப் பெயின்ட் உண்டு, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் நிற்கும் பழைய கடனுக்குப் பெயின்ட் கிடையாது. (பலர் பானெட்டைத் திறப்பார்கள், ஆர்.சி.யைத் திறக்கமாட்டார்கள்.)

கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டியவர், டயருக்கும் இன்சூரன்சுக்கும் மறுபடி கை நீட்டுவார். மேலே சொன்ன கடனுக்கு வரும் மாதத் தவணை 7,555 ரூபாயை, வாங்குமுன்பே ஆறு மாதம் தபால் ஆபீசில் கட்டிப் பார்க்கலாம். வீடு தாங்கினால் 45,000 சேர்ந்திருக்கும். கடனும் அந்த அளவுக்குக் குறையும்.