குற்ற உணர்வும் கடமையும்

குழந்தைக்குத் தீக்காயம் ஏற்பட ஒரு கணம் போதும். தரையில் வைத்த அடுப்பு, கைக்கு எட்டும் தேநீர்க் குவளை, வெந்நீர் வாளி இவையெல்லாம் எந்த வீட்டிலும் உள்ளவை. இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் சுடுவது கொதிக்கும் நீரும் பாலும் குழம்புமே.

காயம் குழந்தையின் உடலில்; வேதனையோ பெற்றோரின் உள்ளத்திலும். 'அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்திருந்தால்?' என்ற கேள்வி தாயை உறங்கவிடுவதில்லை. 'நீ எங்கே போயிருந்தாய்?' என்று கணவர் கேட்கிறார். 'முற்பிறவி வினை' என்று ஆறுதல் கூற வந்த உறவினர் சொல்லிச் செல்கிறார். குற்ற உணர்வால் இவ்வாறு தன்னையே வருத்திக்கொள்வது அறமாகுமா?

குற்ற உணர்வு முற்றிலும் தீயதன்று. அடுப்பை உயரத்தில் வைக்கவும், சுட்ட இடத்தில் மையோ பற்பசையோ தடவாமல் குழாய் நீரை 20 நிமிடங்கள் ஓடவிடவும் அது கற்பிக்குமானால் நன்று. கற்பித்த பின்னும் அது விலகாதிருந்தால் கடமைக்கே தடையாகிறது.

தீக்காயச் சிகிச்சை நீண்டது. ஆறும் தோல் வடுவாகி இறுகும். முழங்கையோ கழுத்தோ மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். அதைத் தடுக்க நாள்தோறும் மூட்டுகளை நீட்டும் பயிற்சி தேவை. வடுவை அமுக்கும் இறுக்கமான உடையை நாளில் ஏறத்தாழ 23 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டியிருக்கும். குழந்தை வளரும் வேகத்தில் வடு வளர்வதில்லை. ஆதலால் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

பயிற்சியின்போது குழந்தை கதறுகிறது. 'என்னால்தானே இத்துன்பம், நானே இன்னும் வலிக்கச் செய்வதா?' என்று தாய் பிடித்த கையை விட்டுவிடுகிறாள். இறுக்கமான உடையைத் தந்தை கழற்றிவிடுகிறார். பார்ப்பதற்கு இது கருணை. ஆயினும் அங்கே தணிவது பெற்றோரின் வேதனை; அதன் விலையைச் செலுத்துவது குழந்தையின் மூட்டு. மருத்துவர் கூறிய பயிற்சியைக் கண்ணீருடன் செய்துமுடிக்கும் தாயின் கையில்தான் உண்மையான அன்பு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை தன் வடுவின் பொருளைப் பெற்றோரின் முகத்தில்தான் முதலில் படிக்கிறது. விருந்தினர் வரும்போதெல்லாம் முழுக்கைச் சட்டையைத் தேடினால், தன்னிடம் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாக அது கற்றுக்கொள்ளும். இயல்பாகப் பார்த்து, இயல்பாகத் தொட்டுப் பேசினால் வடுவையும் தன் உடலின் ஒரு பகுதியாக ஏற்கும்.

சுற்றத்தாருக்கும் இதில் பங்குண்டு. வினைக் கோட்பாடு பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புக் கூறத் தரப்பட்டதன்று. இன்று நற்செயல் புரியத் தூண்டுவதே அதன் பயன். மருத்துவமனையில் ஓர் இரவு துணையிருப்பதும், வீட்டில் தனித்திருக்கும் மற்றொரு குழந்தைக்கு உணவூட்டுவதும் நூறு விசாரிப்புகளினும் மேலான தொண்டு.

நடந்ததை எவராலும் மாற்ற இயலாது. நாளைக் காலையில் அந்தச் சிறிய கையைப் பொறுமையோடு நீட்டிவிடப் பெற்றோரால் இயலும். அப்பொறுமையே அவர்களுடைய பிராயச்சித்தம்.