எரியாத விளக்கு

அப்பாவின் பழைய புரோட்டோன் வீராவில் ஆயில் பிரஷருக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அழுத்தம் ஏறக்குறைய 0.5 பாருக்குக் கீழே போனால்தான் எரியும். அதற்குள் தேய்மானம் முற்றியிருக்கலாம். அதனால் பத்து பாகாட் பட்டறை ஒன்றில் தனியாக ஊசி மீட்டர் பொருத்தினேன்.

"விளக்குதான் எரியலயே, எதுக்கு இந்த வேல?" என்றார் அப்பா.

சூடான எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது ஊசி இறங்குவது இயல்பு. ஆனால் 3,000 சுற்றிலும் அது 2 பாரைத் தொடவில்லை.

காடியை விற்கப் பேசியிருந்தோம். வாங்குபவர் பாரிட் ராஜாவில் படிக்கும் மாணவர். மீட்டரைக் கழற்றிவிட்டு, "விளக்கு எரியாது தம்பி" என்று சொல்லலாம். பொய்யில்லை. போன மாதம் சொல்லியிருந்தால் நேர்மையும்கூட. இன்று அதே வார்த்தை ஏமாற்று.

அப்படியானால் மீட்டரே போடாமல் இருந்திருக்கலாமா? 1877-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்ட் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். சந்தேகத்தை அடக்கிக்கொண்டு, பழைய கப்பல் தாங்கும் என்று மனதார நம்பி அனுப்புகிறார். கப்பல் பத்திரமாகத் திரும்பினாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்ட். தெரியாமல் இருப்பது வேறு. தெரியாமல் பார்த்துக்கொள்வது வேறு.

மீட்டரைக் கழற்றவில்லை. மாணவரிடம் ஊசியைக் காட்டி, விலையைக் குறைத்தேன். அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.