நீலக் குளிசையும் தங்கப் பதக்கமும்



நல்ல நோக்கம் ஒன்றிற்காக ஒரு பிள்ளையின் உடலை அப்பிள்ளை அறியாமலே பயன்படுத்தலாமா? ஒருபோதும் ஆகாது என்று உடனே விடை பகர்வீர்கள். ஆயினும் ஓர் அரசு பல ஆண்டுகளாக இதனைச் செய்து வந்த வரலாறு உண்டு.

1972 ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் விழாவிலே கிழக்கு ஜேர்மனியின் நீச்சல் வீராங்கனைகள் ஒரு தங்கப் பதக்கமேனும் பெறவில்லை. நான்கு ஆண்டுகளின் பின், 1976 இல் மொன்றியலிலே, மகளிர் நீச்சற் போட்டிகள் 13 இல் 11 இனை அவர்களே வென்றனர். இப்பெண்களின் குரல் ஏன் இப்படித் தடித்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, "நீந்த வந்தோம், பாட வரவில்லை" என்று பயிற்றுநர் ஒருவர் பதிலளித்தாராம்.

அந்தக் குரலுக்குக் காரணம் ஒரு சிறிய நீலக் குளிசை. அதன் பெயர் ஓரல் ரூரினபோல். ஆணின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ரெஸ்ரொஸ்ரெரோன் என்னும் ஓமோனை இரசாயன முறையில் மாற்றி ஆக்கிய ஸ்ரெரொயிட் அது. தசைக் கலங்களிலே புகுந்து, கூடுதலாகப் புரதம் ஆக்கும்படி அவற்றைத் தூண்டும். ஆனால் இரத்தம் செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லுமல்லவா? பெண்ணின் குரல் தடிக்கும். தடித்த குரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முகத்தில் உரோமம் முளைக்கும்; மாதவிலக்குக் குழம்பும். ஈரலும் இருதயமும் கெடலாம். வளரும் பிள்ளையின் எலும்பு வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிடலாம்.

1974 இல் அரசு இதனை இரகசியத் திட்டமாக்கியது. சுமார் 10,000 விளையாட்டு வீரர்கள் இதற்கு உட்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பலர் பாடசாலை வயதுச் சிறுமிகள். "விற்றமின்" என்று சொல்லியே குளிசையைக் கொடுத்தார்கள். பெற்றோருக்கு உண்மை சொல்லப்படவில்லை.

2000 ஆம் ஆண்டிலே பேர்லின் நீதிமன்றம் விளையாட்டுத்துறைத் தலைவராயிருந்த மன்பிரெட் ஏவால்டையும் வைத்தியர் மன்பிரெட் ஹொப்னரையும் குற்றவாளிகளெனக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2002 இல் ஜேர்மன் பாராளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு உதவிப் பணம் வழங்கச் சட்டம் இயற்றியது. இழந்த குரலைப் பணம் மீட்டுத் தருமா?

"மற்ற நாட்டவரும் ஊக்கமருந்து உட்கொண்டார்களே" என்று சிலர் வாதிப்பர். உண்மைதான். 1988 இல் சியோல் நகரிலே ஓட்டவீரர் பென் ஜோன்சன் ஸ்ரெரொயிட் உட்கொண்டு தங்கத்தை இழந்தார். ஆனால் அவர் வளர்ந்தவர். செய்வது இன்னதென்று தெரிந்து செய்தவர். சிறுமிக்கு அந்தத் தெரிவே கொடுக்கப்படவில்லை.

உண்மையைச் சொல்லிச் சம்மதம் பெற்றிருந்தால் சரியாகுமா? அதுவும் ஆகாது. தன்னை நேசிக்கும் பெரியவரின் முகம் மலர்வதற்காகப் பிள்ளை எதற்கும் தலையசைக்கும். ஆகவேதான், பிள்ளைக்காக மறுத்துரைப்பது பெரியவரின் கடமையாகிறது.

அந்த வைத்தியர்களும் பயிற்றுநர்களும் பிள்ளைகளை வெறுத்தவர்கள் அல்லர். நல்ல உணவு கொடுத்தார்கள். தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். ஆனால் தசையைக் கண்டார்கள், பிள்ளையைக் காணவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் ஏதோவொரு போட்டியில் நிற்கும். அது விளையாட்டாயிருக்கலாம், பரீட்சையாயிருக்கலாம். அப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்த வெற்றி யாருக்கு வேண்டும்? பிள்ளைக்கா, எனக்கா?